தூணுக்குள் ஓடிய மழை

அந்த அரண்மனையில் குழாய்க்காரர் என்றால் அவர் ஒருவர்தான். இருபத்திரண்டு வருஷமாக அங்கே சொட்டுகிற எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. கட்டிய ராஜாவைத் திட்டிக்கொண்டேதான் எதையும் சரிசெய்வார். வாசலில் டிக்கெட் கொடுக்கும் அவர் மனைவிக்கு அந்தத் திட்டெல்லாம் மனப்பாடம்.

தர்பார் மண்டபத்துக் கூரை மட்டும் அவருக்குத் தண்ணி காட்டியது. சில வருஷமாக ஈரம் ஊறி, கூரை ஓவியம் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு மொட்டைமாடித் தளத்தை உடைச்சுப் புதுக் குழாய் பதிக்கிறோம்" என்று சொல்லிவிட்டார் பொறியாளர் அம்மா. முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றிய சுண்ணாம்புத் தளம் அது. உடைத்தால் போனது போனதுதான்.

மண்டபத்துத் தூண் ஒன்றில் சாய்ந்திருந்த குழாய்க்காரர், கடுப்பில் அதை விரல்முட்டியால் தட்டினார். டொங்கென்றது. மற்ற இருபத்துமூன்று தூண்களையும் தட்டிப் பார்த்தார். எல்லாம் கெட்டி.

மாடிக்கு ஓடினார். அந்தத் தூணுக்கு நேர்மேலே, கைப்பிடிச் சுவரடியில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிமெண்ட் பூச்சு. மழைத்தண்ணீர் தூணுக்குள் இறங்கும் துளை இதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் எலிப்பொந்து என்று அதை அடைத்த மகானுபாவர் சாட்சாத் அவரேதான்.

"சொன்னா வேலை போயிடும்" என்றார் மனைவியிடம். "ஓய்வுக்கு மூணு வருஷம்தான் இருக்கு."

"சொல்லாட்டி?"

"தளம் போயிடும்."

"அப்புறம் தூங்குவீங்களாக்கும். இப்பவே குறட்டை தாங்கலை, இனி புலம்பலையும் நான்தான் கேக்கணும். போய்ச் சொல்லித் தொலைங்க."

காலையில் சம்மட்டியோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். குறுக்கே போய் நின்றார்.

"மேடம், தண்ணி போற வழியை அடைச்சது நான்தான்."

தன் பூச்சைத் தானே உளியால் கொத்தி எடுத்தார். வாளித் தண்ணீரை ஊற்றச் சொல்லிவிட்டு, பொறியாளர் அம்மாவோடு கீழே ஓடிவந்து தூணில் காதை வைத்தார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கன்னத்துக்கு ஒரு சாண் அந்தப்பக்கம் தண்ணீர் இறங்கியது. தரைக்கடியில் நடந்து போய், முற்றத்துத் தொட்டியிலுள்ள கல்சிங்கத்தின் வாயிலிருந்து கொட்டியது. இத்தனை வருஷமும் அவர் அழகுக்கு வைத்தது என்று நினைத்திருந்த சிங்கம். பைப் இல்லை, வால்வு இல்லை, ஒரு மழைக்காலம் முழுவதையும் ஒரு தூணுக்குள் மறைத்து வைத்திருக்கிறார்கள். அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

பொறியாளர் அம்மா சிங்கத்தின் வாயருகே கைநீட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். "உங்க மேல நான் ரிப்போர்ட் எழுதித்தான் ஆகணும்" என்றார் பிறகு.

"தாராளமா எழுதுங்க மேடம். இன்னொரு வாளி மட்டும் ஊத்தச் சொல்லுங்க. என் வீட்டுக்காரியும் ஒருதடவை கேட்டுடட்டும்."

சொல்லிவிட்டு டிக்கெட் ஜன்னலைப் பார்த்து நடந்தார்.