கண்ணை மூடிப் பார்த்து வாங்கியது

மணப்பெண் மண்டபத்துக்குள் காலெடுத்து வைத்த நேரத்தில் ஒலிபெருக்கியிலிருந்து ஒரு சோகப் பாட்டு கிளம்பியது. கணவனைப் பறிகொடுத்தவள் பாடுகிற பழைய பாட்டு. நூரீன் அதை நிறுத்துவதற்குள் பதினொரு வினாடி ஓடிவிட்டது.

உப்பளம் பகுதியில் ஒரு கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. பெண்கள் மட்டும் கூடுகிற மருதாணி விழா. ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை போட்டு, விளக்குகளை அணைத்து, வாசலில் மட்டும் வெளிச்சம் விட்டிருந்தார்கள். அத்தனை பெண்களும் திரும்பி, மேடையோரம் நின்ற டிஜே நூரீனைப் பார்த்தார்கள். மணப்பெண்ணின் அம்மா நெஞ்சில் கை வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நூரீனுக்கு முப்பத்து மூன்று வயது. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தாள். கணவன் ஹாதி தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் படகு எஞ்சின் மெக்கானிக். கல்லூரி நாட்களில் தோழிகளின் பிறந்தநாளுக்கு லேப்டாப்பில் பாட்டுப் போட ஆரம்பித்தவள், ஆறு வருஷமாக அதையே தொழிலாக வைத்திருந்தாள். ஊரில் ஆண் டிஜேக்கள் நிறையப் பேர். ஆனால் பெண்கள் பர்தாவைக் கழற்றி வைத்துவிட்டு ஆடுகிற இடத்தில் ஓர் ஆணைக் கொண்டுவந்து நிறுத்த முடியாது. அதனால் முஸ்லிம் வீட்டு விசேஷம் என்றால் நூரீனைக் கூப்பிடு என்றாகியிருந்தது. பாட்டே கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட சொந்தக்காரர்களும் உண்டு. அந்த வீட்டுப் பெண்களே பிறகு சத்தமில்லாமல் அவளுடைய நம்பரை வாங்கிப் போனார்கள்.

அவளிடம் இருந்ததெல்லாம் ஒரு லேப்டாப், ஒரு மவுஸ், மண்டபத்து ஒலிப்பெட்டிக்குப் போகிற ஒரு வயர். அன்றைக்குத் திரையில் பாட்டு வரிசை தெரிந்தது. மவுஸின் அம்புக்குறிதான் எங்கே போனதென்று தெரியவில்லை. சுற்றிலும் அலங்காரத்துக்குப் போட்ட சின்னச் சின்ன விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. மணப்பெண் வந்துவிட்டாள் என்று யாரோ கத்தினார்கள். குத்துமதிப்பாக அழுத்தினாள். ஒரு வரி தள்ளி விழுந்துவிட்டது.

ஏன் தெரியவில்லை என்பது அவளுக்கும் ஹாதிக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண் டாக்டர் சொல்லியிருந்தார். விழித்திரை ஓரத்திலிருந்து தேய்ந்துகொண்டே வருகிறது. நேரே பார்ப்பது இப்போதைக்குத் தெரியும். பக்கவாட்டில் தெரியாது. வெளிச்சம் குறைந்தால் ரொம்பச் சிரமம். எவ்வளவு வேகமாகத் தேயும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

விழாவை எடுத்து நடத்தியவர் பூர்ணிமா. நூரீனைவிடப் பத்து வயது மூத்தவர். அலங்காரம், சாப்பாடு, பாட்டு எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. எல்லாரும் கிளம்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர், பிறகு நேரே வந்தார்.

"என்னா நூரீன் இது? பொண்ணு உள்ள வர்றப்ப போடுற பாட்டா அது?"

"கை தவறிடுச்சுக்கா."

"போன மாசமும் கை தவறுச்சு. நான் ஒண்ணும் சொல்லல. இன்னும் லேப்டாப்ப வச்சுத் தட்டிக்கிட்டு இருந்தா இப்படித்தான் ஆவும். மெட்ராஸ் பொண்ணுங்கல்லாம் பெரிய செட்டு வச்சிருக்காங்க. மூணு வாரத்துல அடுத்த ஃபங்ஷன், இதவிடப் பெருசு. அதுக்குள்ள நல்ல செட்டா ஒண்ணு பாரு. இல்லேன்னா நான் வேற ஆளப் பார்த்துக்குறேன்."

வீட்டுக்கு வந்து நூரீன் நடந்ததை ஹாதியிடம் சொன்னாள்.

"விட்டுடேன் நூரீன். வெளக்க அணைக்கிற எடத்துல உனக்கு என்னா வேலை?"

"வெளக்க அணைச்சாத்தாங்க எனக்கு வேலையே."

"மேடையிலேர்ந்து விழுந்துட்டா?"

போன ரமலானில் படிக்கட்டின் கடைசிப் படி தெரியாமல் விழுந்து மணிக்கட்டு வீங்கியதை அவனும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் இளம்பரிதியின் கடைக்குப் போனாள். ஒலிக்கருவிகளை விற்பதும் வாடகைக்கு விடுவதும் அவன் தொழில். அவனே கொஞ்ச காலம் டிஜேயாக இருந்தவன். மேசையில் மூன்று செட்டை வைத்தான்: தட்டுச் சுழலும் டர்ன்டேபிள் ஒரு ஜோடி, லேப்டாப்பே தேவைப்படாத பெரிய கருவி ஒன்று, லேப்டாப்போடு இணைக்கிற கன்ட்ரோலர் ஒன்று.

"கரண்ட் போனா எப்படி இருக்கும்னு பார்க்கணும் தம்பி."

"கரண்ட் போனா இதுவும் போய்டுமேக்கா," என்று சிரித்தான்.

"இல்ல, மண்டபம் இருட்டாத்தானே இருக்கும்? அதச் சொன்னேன்."

"ஷட்டர எறக்கவா?"

"வேணாம். நான் கண்ண மூடிக்கிறேன்."

அவன் விநோதமாகப் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் டர்ன்டேபிள். உள்ளங்கைக்குக் கீழே தட்டு சுழன்றபோது அவளுக்குச் சிலிர்த்தது. லேசாக அழுத்தினால் பாட்டு மெதுவாகிறது, தள்ளினால் ஓடுகிறது. இதுதான் வேண்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு ஊசியைத் தூக்கி வைக்கப் போனாள். ஊசி தட்டின் விளிம்புக்கு வெளியே விழுந்து, கடை முழுக்கக் கரகரவென்று கீறியது. இன்னொரு முறை முயன்றாள். அதே சத்தம். கையை எடுத்துவிட்டாள்.

"இதப் பாருங்க," என்று பெரிய கருவியை அவள் பக்கம் நகர்த்தினான் இளம்பரிதி. "பென் டிரைவ் சொருகினாப் போதும். எல்லாம் இந்த ஸ்க்ரீன்லயே."

விரலால் தடவினாள். வழவழவென்று கண்ணாடி. எது எங்கே இருக்கிறது என்று அந்தக் கண்ணாடி விரலுக்கு எதையும் சொல்லவில்லை. தொட்ட இடமெல்லாம் ஏதோ மாறியது.

கன்ட்ரோலரின் முன்னால் உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டி ஒரு பொத்தானை அழுத்தினாள். கடைக்குள் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்க, அடுத்து வரப்போகிற பாட்டு அவள் காதில் மட்டும் கேட்டது. இப்படி ஒரு வசதி உண்டென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஆறு வருஷமாக ஒரே வயர். மண்டபம் எதைக் கேட்டதோ அதைத்தான் அவளும் கேட்டாள், அதே நொடியில். முன்கூட்டிக் காதில் கேட்டிருந்தால் அந்தச் சோகப் பாட்டு வெளியே போயிருக்காது.

ஆனாலும் குமிழ்கள் நெருக்கமாக இருந்தன. ஒன்றைத் திருப்பப் போய் இரண்டு திரும்பின.

"இதுல பழைய மாடல் இருக்குதா?"

"ஒருத்தரு வித்துட்டுப் போனது ஒண்ணு கெடக்குது. பெருசா இருக்கும்."

எடுத்து வந்தான். உயரமான ரப்பர்க் குமிழ்கள், நடுவில் விரல் போக இடம். அழுத்தினால் டக்கென்று சொல்கிற பொத்தான்கள். பாட்டு வரிசையில் நகர்வதற்கு ஒரு குமிழ், ஒரு பாட்டுக்கு ஒரு சொடுக்கு. எண்ணிக்கொண்டே போகலாம். முக்கால் மணி நேரம் அதிலேயே இருந்தாள். கண்ணைத் திறந்து எழுந்தபோது முழங்கை பட்டு, அவன் பக்கத்தில் வைத்திருந்த டீ கிளாஸ் கவிழ்ந்தது. டீ மேசையில் ஓடி டர்ன்டேபிளின் காலைத் தொட்டது. இளம்பரிதி துணியை வீசித் துடைத்தான். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"கண்ணத் தொறந்துட்டுத்தானேக்கா எழுந்தீங்க. கிளாஸ் கை பக்கத்துலதான் இருந்துச்சு."

அவள் கிளாஸை நிமிர்த்தி வைத்தாள்.

"பக்கவாட்டுல தெரியலையா?"

"பூர்ணிமா அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்றேன்? அது உங்க விஷயம்." ஈரத் துணியைப் பிழிந்தான். "பழசையே எடுத்துட்டுப் போங்க. புதுச வித்தா எனக்கு நல்லது. ஆனா உங்க கைக்கு இதுதான்."

அன்றிலிருந்து வீட்டில் பகலெல்லாம் பழக்கம். சட்டைக்கு ஒட்டுகிற அலங்காரக் கல்லில் ஒன்றை இடது பக்கத்தில் பாட்டை ஓட்டுகிற பொத்தானில் ஒட்டினாள், இரண்டை வலது பக்கத்தில். விழாவுக்கான பாட்டுகளை வரிசைப்படி அடுக்கி, எத்தனையாவது சொடுக்கில் எது என்று மனப்பாடம் செய்தாள். முதல் நான்கு நாள் கணக்குத் தவறியபடியே இருந்தது. ஐந்தாம் நாள் ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு அழுதாள். ஹாதி ஹெட்போனை எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போனான். மூன்று நாள் கழித்து, பட்டறையில் அவனே வெல்டிங் வைத்த ஒரு மடக்குக் கம்பித் தடுப்போடு வந்தான். இடுப்பு உயரம், மூன்று பக்கமும் மறைக்கும்.

"மேடையில உன்னச் சுத்தி வச்சுக்க. பின்னால சாஞ்சாலும் விழமாட்டே."

மூன்றாவது வாரம் அந்தப் பெரிய விழா. மதியம் இரண்டு மணி, ஜன்னல்களில் கறுப்புத் திரை. கூட்டம் வாசல்வரை நின்றது. மணப்பெண் வருவதற்கு இன்னும் அரை மணி இருக்கிறது என்று நினைத்து நூரீன் ஆட்டப் பாட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று விளக்குகள் அணைந்தன. புகை இயந்திரம் சீறியது. திரையும் புகையில் மங்கிப்போனது.

"இப்பவே கூட்டியாந்துடறாங்க!" என்று யாரோ காதருகில் கத்திவிட்டு ஓடினார்கள்.

குமிழைத் திருப்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று... பதினான்கில் நிறுத்தினாள். ஹெட்போனில் கேட்டாள். வேறு பாட்டு. எங்கே தவறியது? முன்னால் போவதா, பின்னால் வருவதா? வாசலில் குலவைச் சத்தம் எழுந்தது. பின்னால் ஒரு சொடுக்கு. கேட்டாள். அதுவுமில்லை. முன்னால் இரண்டு. ஷெனாயின் முதல் இழை காதில் வந்தது. அதேதான். ஆட்டப் பாட்டை மெல்ல இறக்கினாள், விரல் இரட்டைக் கல்லைத் தேடி அழுத்தியது. மண்டபம் முழுக்க ஷெனாய் பரவியது. பெண்கள் கைதட்டினார்கள். நூரீன் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மணப்பெண் உட்கார்ந்ததும் அவளுடைய பெரியம்மா மைக்கில் துஆ பிரார்த்தனை ஓத எழுந்தார். ஹெட்போன் மாட்டியிருந்த நூரீன் பாட்டை நிறுத்தவில்லை. அவர் இரண்டு முறை ஆரம்பித்து நிறுத்தினார். கூட்டத்தில் சலசலப்பு. அடுத்த நிமிஷம் பூர்ணிமா தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"நிறுத்து! கையக் காட்டிக்கிட்டே நிக்கிறேன், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குற. அவ்வளவு திமிரா?"

நூரீன் பாட்டை நிறுத்தினாள்.

"திமிரு இல்லக்கா. நீங்க நின்னது தெரியல. எனக்கு ஓரத்துல கண்ணு தெரியாது. இருட்டுல சுத்தமா தெரியாது."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா."

மங்கிய வெளிச்சத்தில் பூர்ணிமாவின் முகம் எப்படி இருந்தது என்று நூரீனால் பார்க்க முடியவில்லை. காலடிச் சத்தம் விலகிப் போனது. மீதி ஒன்றரை மணி நேரமும், வேலை போய்விட்டதா இருக்கிறதா என்று தெரியாமலே பாட்டுப் போட்டாள்.

பன்னிரண்டு நாள் அழைப்பு வரவில்லை. பதின்மூன்றாம் நாள் காலை பூர்ணிமாவே மாடியேறி வந்தார். நூரீன் தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"உன் கண்ணுக்காக எனக்குக் கோவம் இல்ல. அன்னிக்கு சோகப் பாட்டு போனதுக்கு கல்யாணப் பொண்ணோட அம்மா என்னத் திட்டினாங்க, அப்ப நான் என்னா சொன்னேன் தெரியுமா? நூரீனுக்கு அக்கறையே கெடையாதுன்னு சொன்னேன். நீ சொல்லியிருந்தா அந்த வார்த்த என் வாயில வந்திருக்குமா?"

"சொன்னா கூப்பிட மாட்டீங்கன்னு நெனச்சேன்."

பூர்ணிமா தண்ணீரைக் கீழே வைத்தார். "கூப்பிட்டிருக்க மாட்டேன்தான்," என்றார். "பொய் எதுக்கு?"

பிறகு பூர்ணிமாவே ஒரு யோசனை கொடுத்தார். கை காட்டுவதற்குப் பதிலாகப் போனில் கூப்பிடுவதாகச் சொன்னார். நூரீன் போனைச் சட்டைப் பையில் அதிர்வில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை அதிர்ந்தால் பாட்டை இறக்கு, விடாமல் அதிர்ந்தால் நிறுத்து. அங்கேயே நாலைந்து முறை செய்து பார்த்தார்கள்.

ஒரு நிபந்தனையும் வைத்தார். இனிமேல் விசேஷ வீட்டாரிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், அதையும் நூரீனே சொல்ல வேண்டும்.

இப்போது அவள் சொல்லிவிடுகிறாள். சில பேர் "அதனால என்னா" என்கிறார்கள். சில பேர் யோசித்துவிட்டுச் சொல்கிறோம் என்று போனை வைத்துவிடுகிறார்கள். போன மாதம் மூன்று வீடுகள் அப்படி வைத்தன. ஒவ்வொரு முறையும் அவளுக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை. போன முறை பார்வை வட்டம் இன்னும் கொஞ்சம் சுருங்கியிருந்தது.

அடுத்த பரிசோதனை வரும் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு முத்தியால்பேட்டையில் ஒரு மருதாணி விழா. இரண்டுக்கும் ஆட்டோ சொல்லியாகிவிட்டது.