பூவிழிக்கு வைத்த கைநாட்டு

அம்மாக்கண்ணு ஊராட்சித் தலைவியாக ஜெயித்த அன்று பூமாலை விழுந்தது அவள் புருஷன் கோவிந்தன் கழுத்தில். மேளக்காரர்கள் அவனைத்தான் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். இடஒதுக்கீட்டுச் சுழற்சியில் அந்த மலை ஊராட்சி பெண்ணுக்கு வந்துவிட்டது, நிறுத்த ஒரு பெண் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பத்தாவது வரை படித்தவள் என்று இவளைப் பிடித்து நிறுத்தினார்கள். ஆட்டம் முடியும் வரை பார்த்துவிட்டு அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

முதல் ஒரு வருஷம் அந்த லட்சணத்திலேயே ஓடியது. துணைத் தலைவர் தேவராஜ் காகிதத்தை நீட்டுவார். கோவிந்தன் விரலை வைத்து இடத்தைக் காட்டுவான். இவள் கையெழுத்துப் போடுவாள். ஒன்றிய அலுவலகத்தில் கூட்டம் என்றால் புருஷன்மார்கள் நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருப்பார்கள். ஓட்டு வாங்கிய பெண்கள் வெளியே மரத்தடியில் பொரி தின்றுகொண்டிருப்பார்கள். இதைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

பக்கத்து ஊராட்சித் தலைவி சாந்தம்மாளுக்கு வந்தது சிரிப்பல்ல, கோபம். "இன்னாடி இது, வூடு வூடா போய் கும்பிடு போட்டது நாம, குந்தறது இவனுங்களா?" என்று கேட்டு, பொரியை மடியில் கொட்டிக்கொண்டு எழுந்தாள். ஏழு பெண்கள் உள்ளே போய்த் தங்கள் தங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. நின்றுகொண்டே இருந்தார்கள். கடைசியில் கோவிந்தன்தான் முதலில் எழுந்தான். அந்த ஒரு விஷயத்தில் அவனைப் பாராட்டத்தான் வேண்டும்.

அன்றிலிருந்து ஏழு பேரும் ஒரு கூட்டமைப்பானார்கள். அவர்கள் வைத்துக்கொண்ட வழி சுலபமானது. ஒருத்தி ஊரில் கிராம சபை நடந்தால் மற்ற ஆறு பேரும் ஜீப் பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட வேண்டும். பேச வேண்டாம், உட்கார்ந்தால் போதும். முன்னால் ஆறு பெண்கள் இருக்கும்போது பின்னால் ஊர்ப் பெண்கள் உட்கார்ந்தார்கள். அவர்கள் உட்கார்ந்துவிட்டால் ஆண்களால் பழையபடி அதட்டி எழுப்ப முடியவில்லை. "ஏழு கன்னிமாரும் வந்துட்டாங்கடா, கற்பூரம் கொளுத்துங்க" என்று தேவராஜ் ஆட்கள் கிண்டல் செய்வார்கள். ஆனால் தண்ணீர்த் தொட்டி வந்தது. ரேஷன் கடை வாரத்தில் இரண்டு நாள் திறந்தது. கிண்டல் கொஞ்சம் சுருதி இறங்கியது.

குட்டக்கரைக்குப் பாதை மட்டும் வரவில்லை. அம்மாக்கண்ணுவின் ஊராட்சியில் கடைக்கோடி ஊர் அது. நடுவில் ஒரு காட்டாறு, ஆற்றுக்கு இருபுறமும் காட்டு இலாகா நிலம். அந்த நிலத்தில் பாதையும் பாலமும் கேட்பதென்றால், வாக்காளர்களில் பாதிப் பேராவது கிராம சபையில் உட்கார்ந்து தீர்மானத்தில் பேர் வைக்க வேண்டும். மூன்று தடவை கூட்டினாள். மூன்று தடவையும் ஆள் குறைந்தது. பாதியூர் திருப்பூரில் பின்னலாடைக் கம்பெனியில் கிடந்தது, மீதியைத் தேவராஜ் வரவிடவில்லை. தன் கொல்லை ஓரமாகப் பாதை போகும் என்பது அவர் கவலை.

ஜனவரியோடு பதவிக்காலம் முடிகிறது. அதற்குப் பிறகு தனி அலுவலர் ஆட்சி, தேர்தல் எப்போதோ. எனவே நவம்பர் சபைதான் கடைசி. குட்டக்கரை மந்தைத் திடலிலேயே நடத்துவதென்று அறிவிப்பு ஒட்டினாள்.

சபைக்கு முந்தைய நாள், சாமை அறுத்துக்கொண்டிருந்த குட்டக்கரைப் பூவிழியைப் பாம்பு கடித்தது. இருபத்துமூன்று வயது. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. கம்பளியை மூங்கிலில் கட்டித் தூளியாக்கித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆற்றில் வெள்ளம். இக்கரையில் தூளியை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் எப்போது வடியும் என்று பார்த்துக்கொண்டே நின்றார்கள். அக்கரையில் ஆம்புலன்ஸ் விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. பூவிழி அதைப் பார்த்துக்கொண்டே செத்துப்போனாள். எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நடந்தது.

மறுநாள் காலை மலையின் எல்லா ஊர்களிலிருந்தும் சனம் வந்தது. திருப்பூரில் இருந்தவர்களும் சேதி கேட்டு பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். வெள்ளம் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. அடக்கம் செய்துவிட்டு வந்து அத்தனை பேரும் மந்தையில் உட்கார்ந்தார்கள். அம்மாக்கண்ணு தலைகளைப் பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தார்கள். ஐந்து வருஷமாகக் கூட்ட முடியாத கூட்டம் இழவுக்குக் கூடியிருந்தது. அப்படி எண்ணியதற்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

பூவிழியின் தாய் செல்லி மந்தையை ஒட்டிய தன் வீட்டுச் சுவரோரம் கிடந்தாள். அம்மாக்கண்ணுவுக்குப் பங்காளி முறை, அக்கா. இவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்க முடியாமல் திறந்தாள். "அக்கா, இன்னிக்கு சபை. நீ வேணான்னா நான் எந்திரிச்சுப் போய்ட்றேன்."

செல்லி தலையைத் தூக்கி மந்தையைப் பார்த்தாள். பிறகு, "எல்லாரும் இங்கதானே கீறாங்க. நடத்து" என்றாள்.

நடந்தது. ஆறு தலைவிகளும் ஈரப் புடவையோடு முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். தேவராஜால் இழவு வீட்டில் யாரையும் அதட்ட முடியவில்லை. வாக்காளர் பேரெல்லாம் எழுதிய பதிவேடு கைமாறிக்கொண்டே வந்தது. தேவைக்கு மேல் இருபது பேர் கூடுதலாகவே பேர் வைத்தார்கள்.

கடைசியாகச் செல்லியிடம் வந்தது. தன் பேருக்கு எதிரில் கட்டைவிரலை வைத்தாள். வைத்துவிட்டு, "பூவிழி பேரு எங்க கீது?" என்று கேட்டாள்.

செல்லியின் வகையறாவில் ஒரு வழக்கம். மூன்றாம் நாள் பால் ஊற்றும் வரை செத்தவர் வீட்டு ஆள்தான். சோறு போட்டால் அவருக்கும் ஒரு இலை, எண்ணினால் அவரையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். அம்மாக்கண்ணுவும் அதே வகையறா. சட்டம் அவளுக்குத் தெரியும். செல்லியின் முகமும் தெரிந்தது. விரலால் பேரைக் காட்டினாள். செல்லி மகளுக்காக மையைத் தொட்டு அழுத்தினாள்.

பத்து நாள் கழித்து தேவராஜின் மனு மேலே போனது. செத்தவள் கைநாட்டு வைத்த தீர்மானம் செல்லுமா என்று கேட்டிருந்தார். விசாரணைக்கு வந்த அதிகாரி கெட்டவர் இல்லை. "வெச்சது யாருன்னு சொல்லுங்கம்மா. அந்த ஒரு பேர அடிச்சிடலாம், மத்தது நிக்கும். வெச்சவங்க மேல கேஸ் வரும், அத நான் தடுக்க முடியாது" என்றார். "ஆனா தலைவரே வெச்சதுன்னா மொத்தப் பதிவேட்டையும் நம்ப முடியாது, ரத்து பண்ணித்தான் ஆவணும். நாளைக்கு வந்து எழுதிக் குடுங்க."

அன்று சாயங்காலம் ஏழு பேரும் சாந்தம்மாள் வீட்டில் உட்கார்ந்தார்கள். "செல்லி கையில கேப்போம்டி. அவ சொல்லட்டும்" என்றாள் சாந்தம்மாள்.

"பொண்ண வாரிக் குடுத்துட்டு சோறு தண்ணி எறங்காம கீறா. அவ கையில போய் ஜெயிலுக்குப் போறியான்னு எந்த வாயால கேக்கறது?" என்றாள் அம்மாக்கண்ணு.

"கேக்காம நீயே முடிவு பண்ணா, பாதை போயிடும்."

"போவட்டும். வேற நேரத்துல வாங்கலாம்."

"எந்த நேரத்துல? ஒன்றரை மாசம்தான் கீது நமக்கு."

அம்மாக்கண்ணு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். மறுநாள் போய், நான்தான் வைத்தேன் என்று எழுதிக் கொடுத்தாள். ஆறு பேரும் வெளியே நின்றார்கள். சாந்தம்மாள் அவளோடு கோபமாகத்தான் இருந்தாள், இருந்தும் அவளைத் தனியே அனுப்பவில்லை. தீர்மானம் ரத்தானது. அம்மாக்கண்ணு மேல் வழக்குப் பதிவானது. பதவியும் ஜனவரியில் முடிய, ஊராட்சிச் சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். மனதில் பாரம் இருந்தாலும் ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. ஒரு தாயைக் காப்பாற்றினோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

தை பிறந்து நாலாம் நாள் செல்லி வந்தாள். பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆறு தாண்டி நடந்தே வந்திருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"நான் வெச்ச கைநாட்ட நீ வெச்சேன்னு எழுதிக் குடுத்தியாமே? சாந்தம்மா சொல்லிச்சு."

"ஆமாக்கா. இல்லன்னா உன்ன போலீஸ் கூட்டினு போயிருக்கும்."

"கூட்டினு போவட்டுமே! ஆறு மாசம் களி துன்னுட்டு வந்திருப்பேன். பாதை வந்திருக்கும் இல்ல?"

அம்மாக்கண்ணு அவள் கையைப் பிடிக்கப் போனாள். "நீ இருந்த நெலமையில எப்படிக்கா உன்ன…"

"என் பொண்ணு செத்தா. நான் சாவல. புத்தியும் மழுங்கல. என்ன ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

குழந்தை அம்மாக்கண்ணுவின் கழுத்து மணியைப் பிடித்து இழுத்தது. செல்லி அதன் கையை விலக்கினாள்.

"மழைக்காலம் திரும்ப வரும். இத பாம்பு கடிச்சா ஆத்துக்கு அந்தாண்ட எப்படித் தூக்கினு போறதுன்னு மட்டும் சொல்லு, நான் போய்ட்றேன்."

 செல்லி கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.