உப்பு வரியைக் கேள்வி கேட்ட வெள்ளைக்காரர்

விக்டோரியா ராணி காலத்து நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரைத்தான் என் முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டிப் பேராசிரியை கொடுத்தார். திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் ஓயாத சாலையோரம் எங்கள் வீடு. ஜன்னலைத் திறந்தால் சத்தம், மூடினால் புழுக்கம். அதற்கு நடுவில் லேப்டாப்பில் அவருடைய சபைப் பேச்சுகளைப் படித்தேன்.

ஆரம்பத்தில் அவரைப் பிடித்துத்தான் இருந்தது. நூற்பாலை முதலாளியின் மகன். இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் ஏழையின் கஞ்சியில் போடும் உப்புக்கு ஏன் இவ்வளவு வரி என்று சபையில் எழுந்து கேட்டார். மந்திரி மழுப்பினால் விடாமல் மறுபடி கேட்டார். அதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "பரவால்லியே, ஆளு ஷோக்கா கேக்குறாரே" என்றார்.

அப்புறம் அந்த உறுப்பினரின் கட்சி ஆட்சிக்கு வந்தது. இவருக்குத் துணை மந்திரி பதவி கிடைத்தது. உப்பு வரியைக் குறைக்கச் சொல்லி வேறொருவர் தீர்மானம் கொண்டுவந்தபோது, பழைய மந்திரியின் அதே மழுப்பலை இவர் ஒப்பித்தார். எதிர்த்து வாக்களிக்கவும் செய்தார். ஆட்சி கவிழ்ந்து பதவி போனதும் ஏழைகள் மீது மறுபடி இரக்கம் பிறந்துவிட்டது!

லேப்டாப்பைப் படாரென்று மூடினேன்.

"இன்னாமே, அது மேல இன்னா கோவம்?" என்றார் கணவர்.

"இத்தினி வருசமா இந்தாளத் தூக்கி வச்சிக்கினு எழுதிக்கீறேன். பதவி வந்தவொடனே பல்டி அடிச்சிக்கீறாரு."

அவர் சிரித்தார். "நம்ம தெரு சங்கத்து செயலாளரு மட்டும்? தெருவுல லாரிய நிறுத்த வுட மாட்டேன்னாரு. ஜெயிச்சதும், பரிசீலனைல கீதுங்குறாரு. நீ செத்துப்போன வெள்ளக்காரனுக்குப் போயி பேஜாராவுற."

எனக்கு எரிச்சல் கூடியதுதான் மிச்சம்.

பேராசிரியையிடம் சொன்னால், "பதவிக்காலத்தை ஒரு பத்தியில முடிச்சிடும்மா. சூழ்நிலைக் கட்டாயம்னு எழுது" என்றார். நான் கேட்கவில்லை. அந்த வெள்ளைக்காரரின் இரண்டு பேச்சுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத் தனி அத்தியாயமே எழுதினேன். பேராசிரியை அதைப் படித்துவிட்டு என்னோடு சில வாரம் பேசவில்லை. பிறகு ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வில், "ஆய்வில் இவ்வளவு கோபம் ஆகாது" என்றார் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர். ஆனால் அந்த அத்தியாயத்தைப் பற்றித்தான் நெடுநேரம் கேட்டார். பட்டம் கிடைத்தது. அந்த வெள்ளைக்காரரைப் பற்றி நான் எழுதியிருந்த 'வெட்கங்கெட்ட' என்ற சொல்லை மட்டும் நீக்கச் சொன்னார்கள். நீக்கினேன். இப்போதும் அதுதான் சரியான சொல் என்பேன்.