ஊசியை நிறுத்திய என் மகள்

போன வருடம் ஆடி மாதம், ஒரு புதன்கிழமை. உத்தனப்பள்ளியைத் தாண்டி உள்ள எங்கள் கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் நடந்தது இது. என் மகளுக்கு ஐந்து வயதில் போட வேண்டிய தடுப்பூசியை நான்கு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். காரணம், அவளுடைய பயம்.

பயம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய வருடம் காய்ச்சலுக்காக ஒரு மருத்துவரிடம் போனபோது, நான் உட்பட நான்கு பேர் கை காலை அமுக்கிப் பிடித்துத்தான் அவளுக்கு ஊசி போட வைத்தோம். அன்றிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட யாரைப் பார்த்தாலும் வீல் என்று கத்துவாள். ஓட்டுக் கேட்டு வந்த ஒருவர், தன் கட்சி மேல் இந்தக் குழந்தைக்கு என்ன கோபம் என்று புரியாமலே திரும்பிப் போனார். அதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, அவள் காதுவலியை மூன்று நாள் எங்களிடம் மறைக்கும் வரை. சீழ் வடிந்து தலையணை நனைந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. இன்னொரு முறை அமுக்கிப் பிடித்தால் இவள் இனி எந்த வலியையும் நம்மிடம் சொல்ல மாட்டாள் என்று என் மனைவி அழுதாள்.

நான் ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன் தொழிலாளர்களை நிற்க வைத்து ஐந்து நிமிடம் பேசுவது என் அன்றாட வேலை. இன்றைக்கு என்ன வேலை, அதில் என்ன ஆபத்து, எப்படித் தப்பிப்பது என்று தமிழிலும், அரைகுறைக் கன்னடம், தெலுங்கு, இந்தியிலும் சொல்வேன். முந்நூறு பேரை வழிக்குக் கொண்டுவந்தவனுக்கு மூன்றடிக் குழந்தை எம்மாத்திரம் என்று நினைத்துவிட்டேன்.

ஒரு வாரம் வீட்டில் பயிற்சி நடந்தது. தினமும் பள்ளிக்குக் கிளம்பும் முன் அவளை நிற்க வைத்து, ஊசி எவ்வளவு நீளம், எங்கே குத்துவார்கள், எத்தனை நொடி வலிக்கும் என்றெல்லாம் விளக்கினேன். பிறகு ஒத்திகை. என் மனைவிதான் நர்ஸ், பால்பாயின்ட் பேனாதான் ஊசி. மகள் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். ஊசி உள்ளேயே உடைந்துவிட்டால்? நர்ஸுக்குத் தும்மல் வந்துவிட்டால்? கரண்ட் போய்விட்டால்? ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன். அவள் கனவிலும் நினைக்காத ஆபத்துகளை எல்லாம் நானே கற்றுக்கொடுக்கிறேன் என்பது உறைக்கவில்லை. கடைசி நாள், எங்கள் தொழிற்சாலையின் முதல் விதியையும் சொல்லிவைத்தேன். வேலை ஆபத்தானது என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் கையை உயர்த்தி 'ஸ்டாப்' சொல்லலாம். காரணம் தெரிந்து சரிசெய்யும் வரை, மேனேஜரே வந்தாலும் வேலையைத் தொடரக் கூடாது.

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

புதன்கிழமை பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் அம்மாக்களோடு வரிசையில் இருந்தார்கள். எங்கள் முறை வந்தது. மகள் சமர்த்தாகப் பெஞ்சில் உட்கார்ந்தாள். நானும் மனைவியும் பக்கத்தில் நின்றோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க நர்சம்மா ஊசியோடு திரும்பியதுதான் தாமதம், மகள் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, "ஸ்டாப்!" என்றாள்.

நர்சம்மா அப்படியே நின்றுவிட்டார். நான் அசடு வழிந்துகொண்டே, "அது சும்மா விளையாட்டுக்குங்க, நீங்க போடுங்க" என்றேன்.

"மேனேஜரே வந்தாலும் நிறுத்தணும்னு நீதானே சொன்ன?" என்றாள் மகள்.

அதற்குள் அடுத்து நின்ற குழந்தை கையைத் தூக்கி 'ஸ்டாப்' என்றது. அதற்கடுத்தது. ஒரு நிமிடத்தில் சுகாதார நிலையமே வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டது. வரிசையில் இருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொன்னார். தெலுங்கு வீட்டுப் பெண்ணான என் மனைவி அதற்கு என்ன அர்த்தம் என்று இன்று வரை எனக்குச் சொல்லவில்லை.

நர்சம்மா கோபப்படவே இல்லை. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு மகளுக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"செரி, நிறுத்திட்டேன். இன்னா ஆபத்துன்னு சொல்லு கண்ணு."

"அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுது. அப்போ ஆபத்துதானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மைதான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஊசி என்றால் உதறல். தொழிற்சாலையில் ரத்தப் பரிசோதனை நாள் வந்தால் எனக்கு மட்டும் கடைசிக் கூடத்தில் ஏதாவது அவசர வேலை முளைத்துவிடும். மனைவிக்குக்கூட இது தெரியாது. ஒரு வாரமாக நான் வாய் கிழியப் பேசியபோது, மகள் என் பேச்சைவிட என் முகத்தைத்தான் கவனித்திருக்கிறாள்.

"அப்போ மொதல்ல உங்கப்பாவச் செரி பண்ணலாம்" என்றார் நர்சம்மா. "அவரு மடியில, அவரப் பாத்த மாதிரி குந்து. நல்லா மூச்ச இழுத்து, வேர்வை காயிற மாதிரி மொகத்துல ஊது."

"ஊசி வலிக்குமா?"

"வலிக்கும். நீ ரெண்டு ஊது ஊதறதுக்குள்ள முடிஞ்சிரும். போடலாமா?"

எறும்புக் கடி, கொசுக் கடி என்று ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. மகள் யோசித்தாள். நர்சம்மா காத்திருந்தார். ஆபத்தான வேலையைத் தொடங்க என்னிடம் அனுமதிச் சீட்டில் கையெழுத்து வாங்க வரும் ஒப்பந்தக்காரர்கள்கூட அவ்வளவு மரியாதையாகக் காத்திருந்ததில்லை. கடைசியில் மகள் தலையாட்டினாள்.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். மடியில் ஏறி என்னைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினாள். காலையில் சாப்பிட்ட தக்காளிச் சட்னி வாசம் என் முகமெங்கும் அடித்தது. நர்சம்மா அவள் கையை லேசாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது ஊதலில் அவள் உடம்பு ஒரு முறை வெட்டியது. "ஆ" என்றாள். உடனே மூன்றாவது முறையும் ஊதினாள். யாரும் அமுக்கிப் பிடிக்கவில்லை.

"அப்பா, முடிஞ்சிருச்சு. கண்ணத் தொற" என்று என் கன்னத்தைத் தட்டினாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தது நான்தான்.

வரிசையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே எழப் பார்த்தேன். மகள் இறங்கவில்லை. பாவாடையை முழங்கால் வரை தூக்கி, "இங்கயும் வலிக்குதுப்பா" என்றாள். பள்ளியில் சறுக்குமரத்திலிருந்து விழுந்து இரண்டு நாள் ஆகியிருந்த புண், ஓரமெல்லாம் சிவந்து கிடந்தது. தொழிற்சாலையில் யாருக்கு நகக்கீறல் பட்டாலும் பதிவேட்டில் எழுதுகிறவன் நான். என் வீட்டிலேயே இருந்த இந்தக் காயம் எனக்குத் தெரியவில்லை. நர்சம்மா புண்ணைத் துடைத்து மருந்து போட்டார். மகள் என் முகத்தைப் பார்த்து ஊதிக்கொண்டே இருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்பனுக்குப் பயமே கிடையாது என்று காட்டிக்கொண்டிருந்த வரை எதையும் சொல்லாத பிள்ளை, எனக்கும் பயம்தான் என்று தெரிந்த அன்றுதான் தன் வலியை என்னிடம் காட்டினாள். இப்போதும் அவள் முன்னால் பெரிய தைரியசாலியாக நிற்கத் தோன்றும்போதெல்லாம், சிவந்து கிடந்த அந்தச் சின்ன முழங்கால்தான் என் கண்முன் வந்து நிற்கிறது.