எனக்கு ஊற்றாத பால்

என் துணையின் மீது எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஊழியத்துக்கு வந்த பெண் அப்படி நினைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரும் அவளோடு ஒரே அறையில் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்து பார்த்ததில்லை.

எங்கள் மோர்மன் சபையில் இளம்பெண்கள் ஒன்றரை வருடம் ஊழியத்துக்குப் போகலாம். எந்த நாடு என்று நாங்கள் கேட்க முடியாது. அழைப்பு எங்கே வருகிறதோ அங்கே போக வேண்டும். கொழும்பில் பிறந்து, மழைக்கு மட்டும் தலையை மூடிப் பழகிய எனக்கு டென்மார்க் வந்தது. ஊழியத்தில் யாரும் தனியாக நடக்கக் கூடாது என்பது விதி. இருவர் இருவராகத்தான் எழும்ப வேண்டும், சாப்பிட வேண்டும், கதவு தட்ட வேண்டும். அந்த மற்றவளுக்குத் துணை என்று பெயர். குளியலறைக் கதவைச் சாத்தும் நேரம் மட்டும்தான் துணை இல்லாத நேரம். நான் அங்கே அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன் என்று அவள் ஒருநாள் அன்பாகக் கவலைப்பட்டாள்.

அவள் அமெரிக்காக்காரி, எங்கள் சபையின் தலைமையகம் இருக்கிற யூட்டா மாநிலத்தவள். அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்தே அவர்கள் சபைக் குடும்பம். நான் பன்னிரண்டு வயதில் அம்மாவோடு சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்தவள். அப்பா இன்றைக்கும் எங்களைச் சபை வாசலில் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் முச்சக்கர வண்டியைத் திருப்புகிறவர். அவளுக்கு விசுவாசம் வீட்டுச் சாப்பாடு. எனக்கு அது வீட்டில் ஒவ்வொரு ஞாயிறும் நடந்த சண்டை. அதனால் எனக்குத்தான் அது ஆழமாக இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் அவள் முழங்காலில் நின்று அம்மாவுக்குப் போன் எடுத்த மாதிரிக் கடவுளோடு கதைக்கிறாள். இடையில் சிரிக்கவும் செய்கிறாள். நானோ விசா அலுவலகத்தில் நிற்கிறவளைப் போல ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து வைக்கிறேன். அவளுக்கு அங்கிருந்து பதில் வருகிறது என்பது முகத்தில் தெரியும். அந்த முகத்தைப் பார்க்கத்தான் எனக்கு வயிறு எரியும்.

டேனிஷும் அவளுக்கு அப்படித்தான் வந்தது. வாயில் சுடுகிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிற அந்த மொழியை அவள் இங்கே பிறந்தவளைப் போல் பேசினாள். நாங்கள் தங்கியிருந்த சில்க்போர்க்கில் கதவைத் திறந்த கிழவர்கள் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள், பிறகு என்னைப் பார்த்து, கொம்யூன் என்கிற நகரசபை அனுப்பிய பராமரிப்புப் பெண்ணா என்று கேட்பார்கள். காப்பி குடிக்கிறீர்களா என்பார்கள். எங்களுக்குக் காப்பியும் தேநீரும் விலக்கு. அவள் அதைச் சொல்லும் விதத்தில் அவர்களே மன்னிப்புக் கேட்பார்கள். நான் சொன்னால் கதவு சாத்தப்படும். வந்து ஒரு வருடம் ஆகியும், எனக்காக என்று ஒரு வீடு திறக்கவில்லை. ஒரே ஒரு வீடு போதும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பேராசை என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த வீடு ரயிலில் வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்தது. முதியோர் இல்லத்து வேலை முடித்து இக்காஸ்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண், என் அம்மாவின் வயது, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, நீங்கள் தமிழோ?"

"ஓம் அக்கா."

"இந்தக் குளிருக்குள்ள பாவாடையோட என்ன செய்யிறியள்?"

கடவுளைப் பற்றிக் கதைக்கிறோம் என்றேன். அவர் சிரித்துவிட்டு, கணவர் இறந்து ஒரு வருடமாகிறது, மகன் கோபன்ஹேகனில் படிக்கிறான், போனில் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்கிறான் என்றெல்லாம் மளமளவென்று சொன்னார். இறங்கும்போது, "வியாழக்கிழமை எனக்கு லீவு. வாங்கோ, கதைப்பம்" என்றார். என் துணை பக்கத்தில் ஒன்றும் விளங்காமல் புன்னகைத்துக்கொண்டிருந்தாள். அப்பாடா, இனி நீ கொஞ்சநாள் ஊமையாக இரு என்று நினைத்தேன். அந்தக் கிழமை முழுக்க எனக்கு நல்ல பசி எடுத்தது.

வியாழன் போனோம். சூடாக்கி ஓடுகிற சின்ன வீடு, சுவாமிப் படங்களுக்கு முன்னால் மின்விளக்கு, குசினியில் கறிவேப்பிலை மணம். அக்கா முதலில் என்னைத்தான் கேட்டார்.

"அப்பா எந்த ஊர்?"

ஊரின் பெயரைச் சொன்னேன். நான் அங்கே போனதே இல்லை.

"ஊரில எந்தப் பக்கம்?"

"கோயிலுக்குப் பின்வீதி எண்டு அப்பா சொல்லுவார்."

"ஓ" என்றார். மேசை விரிப்பை நீவிவிட்டார். ஊர் ஞாபகம் வந்துவிட்டது போல என்று நினைத்து நானும் மரியாதையாகச் சும்மா இருந்தேன். பிறகு தேத்தண்ணியோடு வந்தார். "வேண்டாம் அக்கா, நான் குடிக்கிறேல்லை" என்றேன். அவர் கோப்பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு, அவளிடம் டேனிஷில் கேட்டார். அவள் எங்கள் விதியை எடுத்துச் சொன்னாள். அக்கா தலையாட்டிக் கேட்டுவிட்டு உள்ளே போய், சீனியும் ஏலக்காயும் போட்ட சூடான பால் கொண்டுவந்தார். ஒரு கோப்பைதான். அவளுக்கு.

மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த வியாழனும் ஒரு கோப்பைதான் வந்தது. அதற்கடுத்த முறை ரோல்ஸ் பொரித்திருந்தார். தட்டை அவளுக்கு முன்னால் வைத்து, "சாப்பிடு, சாப்பிடு" என்று அவளைத்தான் சொன்னார். என்னைச் சொல்லவில்லை. மிளகுத்தூள் மணம் மூக்கில் ஏறியது. எங்கள் வீட்டு ரோல்ஸ் மணம் அது, யூட்டாவின் மணம் அல்ல. அவள் தட்டை என் பக்கம் தள்ளி, எடு என்றாள். வீட்டுக்காரி சொல்லாததை விருந்தாளி சொல்லி நான் எடுப்பதா? பசியில்லை என்றேன். அக்கா அதைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போனார்.

எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். வெள்ளைத்தோல். எத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தாலும் எங்கள் சனத்துக்கு வெள்ளைக்காரி வீட்டுக்கு வந்தால் ராணி வந்தது போலத்தான். மகன் டேனிஷில் பேசுகிறான் என்று அழுகிற மனுசி, டேனிஷ் பேசுகிற பொன்முடிக்காரிக்குப் பால் ஆற்றிக் கொடுக்கிறார். நான் வெறும் மொழிபெயர்ப்பு இயந்திரம். கடவுள் விஷயத்தைத் தமிழில்தான் கேட்க வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்ததால், அவள் தன் விசுவாசச் சாட்சியை ஆங்கிலத்தில் சொல்லுவாள், நான் நல்ல தமிழில் சொல்லுவேன், அக்கா கண் கலங்கி அவளுடைய கையைப் பிடிப்பார். அந்தக் கண்ணீர் என் தமிழுக்கு வந்தது என்று கத்த வேண்டும் போலிருக்கும். அக்கா ஒரு ஞாயிறு எங்கள் சபைக்கும் வந்தார். வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தேனோ என்னவோ, ஒரு வரியும் பாடவில்லை.

"நீங்கள்" என்றுதான் அக்கா என்னை அழைத்தார். ஒருநாளும் "நீ" வரவில்லை. அவளுடைய சட்டைப் பொத்தான் அறுந்ததற்கு ஊசிநூல் எடுத்துவந்து, அவள் உடம்பிலேயே வைத்துத் தைத்துவிட்டார். எனக்கு வாசலில் நின்று "கவனமாப் போட்டு வாங்கோ" மட்டும் கிடைத்தது.

நான் கடவுளிடம் முறையிட்டேன். அழகான வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன. அவளுக்கு ஏற்கெனவே எல்லாம் கொடுத்திருக்கிறீர், இந்த ஒரு மனுசியையும் ஏன் கொடுத்தீர் என்று கேட்டேன். நான்தானே ரயிலில் கண்டுபிடித்தேன் என்று சண்டை பிடித்தேன். அவள் பக்கத்தில் முழங்காலில் நின்று நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

எங்கள் ஊழியத்தில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் பார்ப்பார்கள். பனி உருகத் தொடங்கிய நேரம் எனக்கு வந்தது. நான் ரண்டர்ஸ் போக வேண்டும், அவள் இங்கேயே இருப்பாள். அக்காவின் வீடு இனி முழுக்க அவளுடையது. செய்தி கேட்ட அன்று சோற்றை வைத்துவிட்டு எழும்பினேன். பிரிவு தாங்கவில்லை என்று நினைத்து அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

கடைசி வியாழன். அக்காவிடம் சொன்னேன், சனிக்கிழமை போகிறேன் என்று. அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, அவள் டேனிஷில் செய்தி அனுப்பியிருந்தாள். அதற்கும் அவளே முந்திக்கொண்டாள். அக்கா உள்ளே போய் இரண்டு பொருளோடு வந்தார். ஒன்று கம்பளிச் சால்வை, நீல நிறம், கையால் பின்னியது. இக்காஸ்டில் துணி ஆலை வேலை இருந்த காலத்தில் தையல்பிரிவில் இருந்தவர், அவருடைய கைவேலை அப்படி இருக்கும். அதை அவளுடைய தோளில் போட்டுவிட்டார். மற்றது ஒரு பிஸ்கட் பெட்டி. டென்மார்க்கில் எந்தக் கடையிலும் கிடைக்கிற தகரப் பெட்டி, மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த நாடாகூட அப்படியே இருந்தது. அதை என்னிடம் நீட்டினார்.

அவ்வளவுதான், என் வாய் நிற்கவில்லை. "அவளுக்குக் கையால பின்னினது. எனக்குக் கடைப் பெட்டியோ அக்கா?"

அக்கா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "கோவிக்காதையுங்கோ பிள்ளை. உடைக்காத பெட்டி, என்ர கை படேல்லை. அதெண்டா நீங்கள் சாப்பிடுவியள் எண்டுதான் வாங்கினனான்."

"உங்கட கை பட்டா என்ன?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் நடிக்கிறேனா என்று பார்த்திருக்க வேண்டும். "அண்டைக்கு ஊரையும் பக்கத்தையும் சொன்னனீங்கள். தேத்தண்ணி கொண்டுவந்தன், வேண்டாமெண்டியள். ரோல்ஸ் வைச்சன், தொடேல்லை. உங்கட அந்தப் பின்வீதி வீடுகளில என்ர அம்மாவுக்கு வேலிக்கு வெளியால, சிரட்டையிலதான் தேத்தண்ணி ஊத்துறவை. எங்கட வீட்டுக்கு வந்தா பச்சைத்தண்ணியும் குடிக்கமாட்டினம். வில்லங்கப்படுத்தக் கூடாது எண்டு நான் பிறகு உங்களைக் கேக்கேல்லை."

"அக்கா, எங்கட சபையில தேத்தண்ணி குடிக்கிறேல்லை. அவளும் சொன்னவள்தானே!"

"அவளுக்கு அது சமயம். நீங்கள் எங்கட ஊராக்கள். எங்கட ஆக்கள் சமயத்தை மாத்தியும் இதை மாத்தினதை நான் காணேல்லை."

கொழும்புத் தொடர்மாடியில் வளர்ந்த எனக்கு, கோயிலுக்குப் பின்வீதி என்றால் என்ன அர்த்தம் என்று அப்பா ஒருநாளும் சொல்லவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க நான் பாலுக்குப் பொறாமைப்பட்டுக்கொண்டிருக்க, இந்த மனுசி தன் கையை நான் அருவருக்கிறேன் என்று நம்பியபடி வாசலுக்கு வந்து வந்து கதவைத் திறந்திருக்கிறார்.

"அப்பிடி நினைச்சும் ஏன் அக்கா எங்களை வீட்டுக்குள்ள விட்டனீங்கள்?"

"அவளோட கதைக்கிற டேனிஷ் எனக்கு வேலையில நாள் முழுக்கக் கிடைக்குது" என்றார். "நீங்கள் வாயைத் திறந்தா வீட்டில தமிழ் கேக்குது. அவர் போனபிறகு இந்த வீட்டில ஆர் தமிழ் கதைச்சது? அவமானமாத்தான் இருந்தது. எண்டாலும் வியாழக்கிழமை எப்ப வருமெண்டு இருப்பன்."

மேசையில் அவருடைய தேத்தண்ணி ஆவி பறந்துகொண்டிருந்தது. அதை எடுத்து ஒரே மூச்சில் குடித்திருப்பேன். ஆனால் தேநீர் தொடமாட்டேன் என்பது நான் சபையில் கொடுத்த வாக்கு, அப்பாவோடு சண்டை பிடித்துக் கொடுத்தது. அதற்குப் பக்கத்தில், பிரஷர் குளிசை போட்டுவிட்டு அவர் பாதி குடித்து வைத்த தண்ணீர் இருந்தது. நான் அதை எடுத்தேன்.

"பிள்ளை, அது நான் குடிச்சது. பொறுங்கோ, வேற தாறன்."

"இதுதான் வேணும்" என்று சொல்லி, அண்ணாந்து ஊற்றாமல், வாய் வைத்துக் குடித்தேன்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு வந்து என் தலையில் ஒரு குட்டு வைத்தார். "விசர்ப் பெட்டை. மெதுவாக் குடி, புரைக்கேறப் போகுது." அந்தக் குட்டு வலித்தது. நன்றாக இருந்தது.

என் துணை சால்வையோடு எழும்பி நின்றாள். எங்கள் இருவரின் கண்ணீரையும் பார்த்து, அவளுக்கும் கண் கலங்கியிருந்தது, ஏன் என்றுதான் தெரியவில்லை. என்ன நடந்தது, அக்கா என்ன சொன்னார் என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டாள். அக்காவிடம் டேனிஷிலும் கேட்டாள். அக்கா ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு, எனக்கு ரோல்ஸ் சூடாக்கக் குசினிக்குப் போனார். அவள் திரும்பவும் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். குளியலறைக் கண்ணாடியில், என் முகத்தில், அந்தக் குளிர்காலம் முழுக்கப் பார்த்தது.

தாகமாக இருந்தது என்றேன். வேறு ஒரு சொல்லும் மொழிபெயர்க்கவில்லை.