இரண்டு பெண்களுக்கு எடுத்த வீடு

ரோஹிணி பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படித்தவள். நகரியில் அவர்கள் வீட்டு முன்கட்டில் இரண்டு பவர்லூம் தறிகள் இருந்தன. கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் ஓடும். ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் கையைத் தட்டுவார்கள். சொல்ல வேண்டியதை உதட்டசைவிலேயே சொல்லி முடிப்பார்கள். அந்தக் குடும்பத்தில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள் அவள்தான். எம்.காம். முடித்துத் திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். நைனா இறந்த பிறகு அம்மா தறிகளை விற்றுவிட்டுச் சித்தூரில் ரோஹிணியின் தம்பியோடு இருக்கப் போய்விட்டாள். நகரிக்குப் போனால் ரோஹிணிக்குச் செருப்பைக் கழற்றிவிட ஒரு வாசல் இல்லை. திருப்பதியில் இருந்தது மாடியில் ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேச ஆளிருக்காது. திங்கட்கிழமை காலையில் வாயைத் திறந்தால் குரல் கரகரக்கும்.

உதவித்தொகை யோசனை ஒரு கல்யாணப் பந்தியில் பிறந்தது. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த நாகபூஷணம் நகரியில் சாயப்பட்டறை வைத்திருப்பவர். தறிக்காரர் வீட்டுப் பெண்களைப் படிக்க வைக்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாளாக ஆசை.

"மேடையில நிக்க வச்சி, பெரிய அட்டையில செக்கு எழுதி, போட்டோ புடிக்கிறதெல்லாம் வேணாம் மாமா. புள்ளைங்களுக்கு இன்னா தேவையோ அதைச் செய்வோம்" என்றாள் ரோஹிணி.

"இன்னா தேவைன்னு நீயே சொல்லு. நீதான படிச்சவ."

அவளிடம் பதில் தயாராக இருந்தது. சத்தமில்லாத ஓர் இடம். பதினைந்து வயதில் அவள் சாமியிடம் வேண்டிக்கொண்டதெல்லாம் அதைத்தான்.

திருப்பதியிலேயே பைராகிப்பட்டடையில் ஒரு வீடு எடுத்தார்கள். திருப்பதிக் காலேஜில் இடம் கிடைத்திருந்த நகரித் தறிக்காரர் வீட்டுப் பெண்கள் யமுனாவும் பிரித்திகாவும் வந்தார்கள். வாடகை, சாப்பாடு, ஃபீஸ் எல்லாம் நாகபூஷணம் பொறுப்பு. கூட இருந்து பார்த்துக்கொள்வது, மாடி அறையைக் காலி செய்துவிட்டு வந்த ரோஹிணி. அந்த வீட்டில் தங்குபவர்களுக்குத்தான் உதவி என்று ஒரு விதியும் இருந்தது. வெளியில் இருந்தால் கவனம் சிதறும் என்று அவளே சொல்லிச் சேர்த்தது. "சத்தமில்லாம படிக்கலாம், நல்லாருக்கும் இல்ல?" என்று பெண்களிடம் கேட்டாள். இருவரும் தலையாட்டினார்கள். கேட்டுத்தான் செய்கிறோம் என்று அவளும் நம்பினாள்.

முதல் மாதம் வீடு கல்யாண வீடு போலிருந்தது. பிரித்திகா லெக்சரர்களைப் போல நடந்து காட்டுவாள். சாப்பிடும்போது ஒருத்திக்குத் தெரியாமல் இன்னொருத்தி உதட்டை அசைத்துக் கேலி பேசுவாள். அதைப் படிக்க ரோஹிணிக்கு இன்னும் மறக்கவில்லை. ஆபீஸ் முடிந்ததும் அவள் வேகமாக நடந்து வீடு திரும்பிய மாதம் அது.

பிறகு யமுனாவின் கண்ணுக்குக் கீழே கருமை விழுந்தது. வகுப்பில் தூங்குகிறாள் என்று காலேஜிலிருந்து ஃபோன் வந்தது. ஒரு சனிக்கிழமை மதியம் ரோஹிணி வந்தபோது அவள் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஊருக்குப் போறேன்க்கா. திங்கக்கெழமை அம்மாவ இட்டுகினு வந்து டி.சி. வாங்கிக்கிறேன்."

"இன்னா ஆச்சு? சோறு சரியில்லயா?"

"சோறெல்லாம் நல்லாதான் கீது. தூக்கந்தான் வரல."

"எப்டி வரும்?" என்றாள் பிரித்திகா. "தெனம் ஃபோன்ல தறிச் சத்தம் போட்டுகினு படுக்குறாக்கா இவ."

"யூட்யூப்ல தேடிப் போட்டேன்க்கா. அது எந்த ஊர்த் தறியோ. நம்மது மாதிரி இல்ல."

மூவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்தபடியே யமுனா பையின் ஜிப்பை இழுத்தாள்.

"எங்க வீட்ல தறி நின்னுச்சின்னா கரண்ட் போச்சுன்னு அர்த்தம். இல்லன்னா அம்மாக்கு எதுனா ஆயிட்ச்சுன்னு அர்த்தம். இங்க கண்ண மூடினா நின்னுபோன மாதிரியே கீது. எழுந்து எழுந்து ஒக்காந்துக்குறேன். அம்மா அங்க ஒண்டியாதான கீது."

ரோஹிணி கட்டிலில் உட்கார்ந்தாள். தனக்கு வரமாக இருந்தது இன்னொருத்திக்குத் திகிலாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அதே ஊர், அதே தறி.

"ரயில்ல வந்து போனா படிப்பியா?"

"படிப்பேன்க்கா. புத்தூர்ப் பொண்ணுங்கல்லாம் சீசன் டிக்கெட்லதான வந்துகினு போய்கினு கீறாங்க. ஆனா வீட்ல தங்குறவங்களுக்குதான்னு ரூல் கீதே. நாகபூஷணம் ஐயா ஒத்துக்க மாட்டாரு."

அந்த விதியை யார் போட்டது என்று ரோஹிணி சொல்லவில்லை. பிரித்திகாவின் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு. நிஜமா உனக்கு இன்னா வேணும்?"

"கோச்சிக்க மாட்டியே? எங்க கிளாஸ் பொண்ணுங்க காலேஜ் ஹாஸ்டல்ல கீறாங்க. ஒண்ணா ஒக்காந்து பிராஜெக்ட் செய்றாங்க. நான் மட்டும் ஃபோன்ல கேட்டுக்குறேன்."

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"நீ ஆசையா வீடு எடுத்த. மனசு வரலக்கா."

ரோஹிணி பால் வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே வந்தாள். கடையைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தாள். கவனம் சிதறும் என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் அது மட்டும்தானா? இந்தப் பெண்கள் படிக்க வேண்டும் என்று வீடு எடுத்தோமா, கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் வேண்டும் என்று எடுத்தோமா? இரண்டும்தான் என்று மனம் சமாதானம் சொல்லிப் பார்த்தது. ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் எது? தெரு முனையில் நின்று நாகபூஷணத்துக்கு ஃபோன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"இன்னாம்மா இது, வீட்டு வாசல்ல போர்டு எழுதி மாட்டியாச்சே" என்றார் அவர். "வயசுப் பொண்ணு தெனம் ரயில்ல அலையணுமா? ரூல் போட்டதும் நீதான?"

"ஆமா மாமா. நான்தான் போட்டேன். தப்பாப் போட்டுட்டேன். ஒருத்திக்கு சீசன் டிக்கெட், ஒருத்திக்கு ஹாஸ்டல். அவங்க கேக்குறது அவ்ளோதான். நாம இப்பதான் கேட்டோம்."

அந்தப் பக்கம் பட்டறையில் யாரையோ அதட்டிவிட்டு வந்தார்.

"செரி, செய். பொண்ணு படிச்சா போதும். அப்ப நீ எங்கம்மா இருப்ப?"

"எனக்கு உதவித்தொகை கிடையாதே மாமா."

அவர் பலமாகச் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு ஃபோனை வைத்தாள்.

அடுத்த வாரம் பிரித்திகா ஹாஸ்டலுக்குப் போனாள். யமுனா டி.சி. வாங்கவில்லை. சீசன் டிக்கெட் எடுத்த அன்று சாயங்காலம் ரோஹிணி திருப்பதி ஸ்டேஷன் வரை கூடவே வந்தாள். புத்தூர்ப் பெண்கள் ஜன்னலோரம் யமுனாவுக்கு இடம் பிடித்து வைத்து, "சீக்கிரம் வாடி" என்று கம்பியைத் தட்டினார்கள்.

"போய்ச் சேந்ததும் ஃபோன் பண்ணு."

"பேசினா கேக்காதுக்கா, தறி ஓடிகினு இருக்கும். மெசேஜ் போடுறேன்."

வண்டி நகரும்போது யமுனா பக்கத்தில் இருந்தவளோடு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல சிரிப்பு. ரோஹிணி கையைத் தூக்கினாள். உள்ளே யாரும் பார்க்கவில்லை. அதுவும் சரிதான் என்று நினைத்துக்கொண்டாள். சரிதான் என்று நினைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

வீட்டுக்கார அம்மா கமலம்மா வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். மாதக் கடைசியில் காலி செய்வதாகச் சொன்னதும் அவள் முகம் சுருங்கியது. பிள்ளைகள் இருந்தால் வீட்டுக்கு ஒரு களை என்று தெலுங்கில் அங்கலாய்த்தாள்.

"தெரிந்த இடத்தில் சின்ன அறை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்" என்று ரோஹிணியும் தெலுங்கிலேயே கேட்டாள்.

எத்தனை பேருக்கு என்றாள் கமலம்மா, நாரைப் பல்லால் கடித்தபடி.

"ஒருத்திக்கு."