மூன்று தரம் மூடிய பிழை

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தபின் என்னை எல்லோரும் செத்துப்போன என் அப்பாவின் பெயரால் கூப்பிடுகிறார்கள். படிவத்தில் 'செல்வராசா குகன்' என்று எழுதினால், முதலில் இருப்பதுதான் ஆளின் பெயர் என்று இங்கே எடுத்துக்கொள்கிறார்கள். அலுவலகக் காவலாளியிடம் சிங்களத்தில் திருத்திப் பார்த்தேன். "ஹரி, செல்வராசா மாத்தயா" என்றார்; சரி, செல்வராசா ஐயா என்று அர்த்தம். ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள்.

அதைப் பொறுத்தேன். நிர்மலைப் பொறுக்கவில்லை. அவர் எங்கள் மென்பொருள் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர், கொழும்புக் கொட்டாஞ்சேனைத் தமிழர், மூன்று தலைமுறையாக ஒரே குடும்பப் பெயர் வைத்திருக்கும் வீடு. ஒரு தனியார் மருத்துவமனைக்குக் குடும்ப அட்டை மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். அவர் வரைந்த வடிவமைப்புப் படத்தில், 'குடும்பம்' என்ற கிளாஸில், அதாவது தரவு வகையில், கடைசிப் பெயர் ஒன்றாக இருந்தால்தான் ஒரே குடும்பம்.

"அண்ணை, எங்கட வீட்டில குடும்பப் பெயரே இல்லை; அப்பாக்கு ஒரு பெயர், எனக்கு ஒரு பெயர். கவுண்டரில சனம் நிரப்பின பத்துப் படிவத்தை எடுத்து, ஒவ்வொரு ஆளையும் இந்தப் படத்துக்குள்ள நடத்திப் பாப்பம். பிறகு கோட் எழுதுவம்" என்றேன்.

"யாழ்ப்பாணத்த என்ட டிசைனுக்குள்ள கொண்டுவர வேணாம் மல்லி" என்றார் நிர்மல். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நாள் என்னை வடிவமைப்பிலிருந்து தூக்கி மென்பொருள் பரிசோதனைப் பிரிவில் போட்டார். நான் ஊரை விட்டு வந்ததே அந்த வடிவமைப்பு வேலைக்காகத்தான். பரிசோதனைப் பிரிவிலிருந்து அதே பிழையை மூன்று தரம் பதிந்தேன். மூன்று தரமும் 'பிழை இல்லை' என்று மூடினார். நான்காம் தரம் பதியவில்லை. காத்திருந்தேன்.

மென்பொருளை மருத்துவமனைக்குக் காட்டும் நாள் வந்தது. மருத்துவமனை நிர்வாகி நசீரா, தன்னையும் கணவரையும் பிள்ளையையும் ஒரே குடும்பமாகப் பதிந்து பார்த்தார். திரையில் மூன்று குடும்பங்கள் வந்தன.

"என்ன தம்பி, ஒங்கட கம்பியூட்டர் என்னையும் மாப்பிள்ளையையும் பிரிச்சிட்டே! அப்ப புள்ள யாருக்கு?"

"இது எங்களுக்குத் தெரியாமப் போச்சு" என்றார் நிர்மல்.

நான் எழுந்து, மூடிய மூன்று பதிவுகளையும் பெரிய திரையில் போட்டேன். ஒவ்வொன்றின் கீழும் அவர் பெயர். சத்தமாக வாசித்தேன். அவருடைய காது சிவந்ததைக் கண்டு, மூன்றாவதை அவசரமில்லாமல் ஆறுதலாக வாசித்தேன். எனக்கு வெட்கமில்லை. இன்றைக்கும் இனிக்கிறது.

அதன்பிறகு நிறுவனம் வடிவமைப்பை என் கைக்கு மாற்றியது. படிவங்களைப் பார்க்காமல் ஒருவரும் படம் வரையக் கூடாது என்று சட்டம் போட்டேன். புதிதாக ஒரு படம் வரைந்து, முதலில் என் படிவத்தையே அதற்குள் நடத்தினேன். பெயர் சரி, உறவு சரி. 'வீடு' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ஆளுக்கு ஒரு வீடு என்று நானேதான் வரைந்திருந்தேன். படுப்பது இங்கே கொழும்பில், வெள்ளவத்தை வாடகை மாடியில். அம்மா இருப்பது ஊரில், கோண்டாவிலில்.

பின்னால் நிர்மல் நின்றார். "என்ன, உன்ட படம் உன்னையே உள்ளுக்கு விடுதில்லையோ?"

"ரெண்டு வீடு ஆக்கிறன்" என்றேன்.

ஆக்கிவிட்டேன். எந்த வீட்டை முதலில் போடுவது என்றுதான் தெரியவில்லை. மூன்று நாளாக இரண்டு கட்டமும் வெறுமையாகக் கிடக்கின்றன.